தேசீயமும் நடுநிலைமையும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர், ஐரோப்பிய வல்லரசுகள் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நிறுவியிருந்த பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து சரிந்தன. 1945ஆம் ஆண்டில் 51 நாடுகளைக் கொண்டு தோன்றிய ஐக்கிய நாடுகள் தாபனத்தில், 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் புதிதாக அங்கத்துவம் பெற்றன. அவற்றுள் 16 நாடுகள் ஆபிரிக்காக் கண்டத்தைச் சேர்ந்தவை. இவ்வாறு சுதந்திரம் பெற்ற நாடுகள் உலக அரங்கில் அடியெடுத்து வைத்தபொழுது, அவ்வரங்கு ஏற்கெனவே இரு கூறாகப் பிரிந்திருந்தது. ஒருபுறம் ஐக்கிய அமெரிக்காவின் தலைமையில் 1949இல் அமைந்த வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகளும், மறுபுறம் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் 1955இல் வார்சோ ஒப்பந்தத்தாற் பிணைக்கப்பட்ட நாடுகளும் நின்றன. இவ்விரு முகாம்களுள் எதிலும் சேர்வதில்லை என்பதே புதிய நாடுகளுட் பலவற்றின் விடையாயிற்று. அவ்விடையே நடுநிலைமைக் கொள்கை என்றும், பின்னர் அணிசேராக் கொள்கை என்றும் பெயர் பெற்றது.

வல்லரசுகள் இக்கொள்கையை எளிதில் விளங்கிக்கொள்ளவில்லை. அமெரிக்க இராசாங்கச் செயலாளராக விளங்கிய ஜோன் பொஸ்டர் டலஸ், 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நிகழ்த்திய உரையொன்றில், நடுநிலைமை காலங்கடந்த கருத்தென்றும், மிக அரிதான சந்தர்ப்பங்களிலன்றி அது ஒழுக்கத்துக்கு மாறானதென்றும் கூறினார். ஸ்டாலின் காலத்துச் சோவியத் அறிஞரோ, உலகில் இரு முகாம்களே உள. மூன்றாவது நிலை என ஒன்றில்லை எனக் கருதி, ஆசியத் தலைவர்களை ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் என இகழ்ந்தனர். ஒரு சாரார் கோழைத்தனம் என்றனர். மறு சாரார் வஞ்சகம் என்றனர். இரு சாராரும் தவறவிட்ட உண்மையொன்று உண்டு. நடுநிலைமை என்பது தேசீயத்தின் எதிர்மறையன்று, அதன் வழித்தோன்றலேயாகும். இத்தொடர்பை ஆராய்வோர்க்கு அக்கொள்கையின் வலிமை மாத்திரமன்றி, அது எங்கே வலுவிழந்தது என்பதும் புலனாகும்.

நடுநிலைமை என்னுஞ் சொல் ஐரோப்பிய வரலாற்றிற் பழமையானது. 1815ஆம் ஆண்டில் வல்லரசுகளின் உடன்பாட்டினால் சுவிற்சலாந்தின் நடுநிலைமை உறுதிப்படுத்தப்பட்டது. பெல்ஜியத்துக்கும் அத்தகைய உறுதி அளிக்கப்பட்டிருந்தது. ஆயினும் 1914இல் சேர்மனியப் படைகள் அதனைப் பொருட்படுத்தாது அந்நாட்டினுட் புகுந்தன. இவ்வகை நடுநிலைமை போர்க்காலத்துக்குரியது. பிறர் சண்டையில் தலையிடாமல் ஒதுங்கியிருப்பது அதன் இலக்கணம். சுவிற்சலாந்து 2002ஆம் ஆண்டு வரை ஐக்கிய நாடுகள் தாபனத்திற்கூடச் சேராதிருந்தமை இவ்வொதுங்கலுக்குத் தக்க சான்றாகும். ஆசிய ஆபிரிக்க நாடுகள் மேற்கொண்ட நிலை இதனின்றும் வேறுபட்டது. அவை ஐக்கிய நாடுகள் தாபனத்தில் ஆர்வத்தோடு சேர்ந்தன. கொரியா, இந்தோசீனா, அல்சீரியா, கொங்கோ முதலிய பிரச்சினைகள் அனைத்திலும் உரத்துக் கருத்துரைத்தன. ஒதுங்குவதன்று அவற்றின் நோக்கம். ஒவ்வொரு பிரச்சினையையும் தாமே ஆராய்ந்து தாமே தீர்ப்புக் கூறும் உரிமையை விட்டுக்கொடாமையே அவற்றின் நோக்கம். இக்காரணம் பற்றியே ஜவகர்லால் நேரு நடுநிலைமை என்னுஞ் சொல்லையே பெரிதும் விரும்பாதிருந்தார்.

இவ்வுரிமையின்மீது இந்நாடுகள் இத்துணைப் பற்றுக் கொண்டமைக்குக் காரணம் யாது? விடையை அடிமைக் காலத்து அனுபவத்திலேயே தேடல் வேண்டும். 1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 3ஆந் திகதி பிரித்தானியா சேர்மனிமீது போர் தொடுத்த அன்றே, இராசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு இந்தியாவும் போரில் ஈடுபட்டுள்ளதெனப் பிரகடனஞ் செய்தார். கோடானுகோடி மக்களைப் போரிற் பிணைத்த அப்பிரகடனத்துக்கு முன் இந்தியத் தலைவர் ஒருவரிடமேனும் ஆலோசனை கேட்கப்படவில்லை. நாற்சியரின் கொடுமையைக் காங்கிரசுத் தலைவர்கள் வெறுத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தம்மைக் கேளாது செய்த முடிவை ஏற்க அவர்கள் மறுத்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர், நொவெம்பர் மாதங்களில் காங்கிரசு மாகாண மந்திரிசபைகள் பதவி துறந்தன. போர் நியாயமானதா என்பது ஒரு வினா; அதனை முடிவு செய்யும் உரிமை எவர்க்குரியது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டாம் வினாவே பிற்கால நடுநிலைமைக் கொள்கையின் வித்தாகும்.

எகிப்தின் அனுபவமும் இத்தகையதே. 1936ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அது சுதந்திர நாடு. 1945 பெப்ரவரி வரை அது போர்ப் பிரகடனஞ் செய்யவுமில்லை. எனினும் எல் அலமெயின் பெரும்போர் நிகழ்ந்தது எகிப்திய மண்ணிலேயே. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆந் திகதி, பிரித்தானியத் தூதுவர் கவச வண்டிகளால் அப்தீன் அரண்மனையைச் சூழச்செய்து, தாம் விரும்பியவரைப் பிரதம மந்திரியாக நியமிக்குமாறு பாறூக் மன்னரைப் பணியவைத்தார். அந்நிகழ்ச்சியால் அவமானமுற்ற இளம் இராணுவ அதிகாரிகளுள் கமால் அப்துல் நாசரும் ஒருவர். ஏட்டளவிற் சுதந்திரமும் எதார்த்தத்தில் அடிமைத்தனமும் ஒருங்கிருக்கலாம் என்ற உண்மையை அத்தலைமுறையினர் அன்று கற்றனர். அந்நியப் படைத்தளம் தம் மண்ணில் உள்ளவரை, போரும் சமாதானமும் தம் கையிலில்லை என்பதையும் உணர்ந்தனர்.

எனவே, அடிமை நாடுகளின் தேசீயம் அந்நியக் கொடியை இறக்கித் தன் கொடியை ஏற்றுவதோடு நிறைவடையக் கூடியதன்று. தம்மைப் பற்றிய முடிவுகளைத் தம்மைக் கேளாது பிறர் செய்தலை அது எதிர்த்தெழுந்தது. அவ்வெதிர்ப்பு வெளிநாட்டுக் கொள்கையாக வடிவங் கொண்டபோது நடுநிலைமை ஆயிற்று. 1946ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 7ஆந் திகதி, இடைக்கால அரசாங்கத்தின் சார்பில் நேரு வானொலியில் உரையாற்றியபோது, ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் அணிகளின் அதிகாரப் போட்டியிலிருந்து இந்தியா இயன்றவரை விலகி நிற்கும் என்று அறிவித்தார். இந்தியா முழுச் சுதந்திரம் பெறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே இவ்வறிவிப்பு வெளிவந்தமை கவனித்தற்குரியது.

இந்தோனீசியாவின் வரலாறு இத்தொடர்பினை மேலுந் தெளிவாக்குகின்றது. 1945 ஓகஸ்ற் 17இல் அந்நாடு சுதந்திரப் பிரகடனஞ் செய்தது. ஒல்லாந்தர் அதனை ஏற்காது மீண்டும் படையோடு வந்தனர். புதிய குடியரசு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த வேளையில், 1948 செப்ரெம்பர் 2ஆந் திகதி, உப சனாதிபதியும் பிரதமருமாக இருந்த மொகமட் ஹத்தா, இரு பாறைகளினிடையே படகு செலுத்தல் என்னும் உவமையால் தம் நாட்டின் கொள்கையை விளக்கினார். அமெரிக்காவோ சோவியத் ஒன்றியமோ என்ற தெரிவைத் தவிர வேறு வழியில்லையா என வினவிய அவர், சர்வதேசப் போராட்டத்தில் இந்தோனீசியா பிறர் கைப்பொருளாக இராது, தன் நிலையைத் தானே நிருணயிக்கும் உரிமையுடையதாக இருத்தல் வேண்டும் என வலியுறுத்தினார். இவ்வுரை நிகழ்ந்து மூன்று வாரங்கள் செல்லுமுன் மடியூன் நகரில் கம்யூனிசக் கிளர்ச்சி வெடித்தது; குடியரசு தன் சொந்தப் படைகளாலேயே அதனை அடக்கியது. அவ்வாண்டு திசெம்பரில் ஒல்லாந்தர் மீண்டும் தாக்கியபோது, அமெரிக்கா தன் நேச நாடாகிய ஒல்லாந்தை நெருக்கத் தொடங்கியமைக்கு மடியூன் நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று. 1949 சனவரியில் நேரு புது டில்லியில் ஆசிய நாடுகளின் மகாநாட்டைக் கூட்டி இந்தோனீசியாவுக்கு ஆதரவு திரட்டினார். 1949 திசெம்பர் 27இல் ஒல்லாந்தர் ஆட்சியுரிமையைக் கையளித்தனர்.

ஹத்தாவின் உவமை வெறும் அலங்காரமன்று என்பதை 1952ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்கப் பொருளுதவியைப் பெறும்பொருட்டுச் சுகிமான் மந்திரிசபையின் வெளிவிவகார மந்திரி, பரஸ்பர பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமெரிக்கத் தூதுவரோடு ஓர் உடன்படிக்கையை அந்தரங்கமாகச் செய்துகொண்டார். அவ்வுடன்படிக்கை நாட்டை ஓர் அணியோடு பிணைக்கக்கூடும் என்ற செய்தி வெளியானதும் எழுந்த கண்டனத்தைத் தாங்காது அம்மந்திரிசபை பெப்ரவரி மாதத்தில் இராசினாமாச் செய்தது. அம்மந்திரிசபை கம்யூனிச எதிர்ப்புக் கொண்டதே. அதனை எதிர்த்தவர்களிற் பலரும் கம்யூனிசத்தை ஏற்காதவர்களே. ஆகவே அன்று சீற்றங்கொண்டது கம்யூனிச ஆதரவன்று. கேளாமற் பிணைக்கப்படுதலைப் பொறாத தேசீய உணர்ச்சியே.

1955ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 18ஆந் திகதி முதல் 24ஆந் திகதி வரை இந்தோனீசியாவின் பாண்டுங் நகரில் 29 நாடுகள் கூடின. கூடிய நாடுகள் யாவும் நடுநிலை நாடுகள் எனக் கருதுதல் தவறாகும். பாக்கிஸ்தான், பிலிப்பைன், தாய்லாந்து என்பன 1954இல் அமைந்த தென்கிழக்காசிய ஒப்பந்தத்தைச் சேர்ந்தவை; துருக்கியும் ஈராக்கும் பக்தாத் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவை; சீனாவும் வட வியட்நாமும் கம்யூனிச நாடுகள். எனவே, மகாநாட்டின் இறுதி அறிக்கை, தற்காப்புக்காகக் கூட்டுச்சேரும் உரிமையை ஏற்ற அதேவேளை, அத்தகைய கூட்டுக்கள் வல்லரசு ஒன்றின் தனி நலனுக்குப் பயன்படல் ஆகாது என்றுங் கூறிற்று. இது ஓர் இணக்கமேயன்றி முழு ஒற்றுமையன்று. எனினும், ஐரோப்பியர் எவரும் தலைமை தாங்காத அவையொன்றில் ஆசிய ஆபிரிக்க மக்கள் தமக்குள் வாதாடித் தம் முடிவைத் தாமே எழுதினர்.

இக்கொள்கை கடுஞ் சோதனைக்குள்ளாகி வெற்றியும் பெற்ற களம் எகிப்து ஆகும். நாசர் பக்தாத் ஒப்பந்தத்தை எதிர்த்தார். மேல்நாடுகளிடம் வேண்டிய ஆயுதங்களைப் பெற இயலாது, 1955 செப்ரெம்பரிற் செக்கோசிலாவாக்கியாவிடம் வாங்கினார். 1956 மே மாதத்தில் மக்கள் சீனாவை அங்கீகரித்தார். அவ்வாண்டு யூலை 19இல் அஸ்வான் அணைக்கு வாக்களித்த கடனை அமெரிக்கா மறுத்தது. ஏழு நாட்களின் பின், யூலை 26இல், நாசர் சுயெஸ் கால்வாய்க் கம்பனியை நாட்டுடைமையாக்கினார். எகிப்தியர் உழைப்பால் வெட்டப்பெற்று 1869இல் திறக்கப்பட்ட கால்வாய் அது. 1875இல் கடனில் மூழ்கிய எகிப்திய ஆட்சியாளர் தம் பங்குகளைப் பிரித்தானிய அரசுக்கு விற்றபின், எகிப்துக்கு அதன் நிருவாகத்திற் சொல்லத்தக்க உரிமை இருந்ததில்லை. ஒக்ரோபர் இறுதியில் இசுரவேலும் அதனைத் தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒருங்கே எதிர்த்தமையால் அவை பின்வாங்கின. திசெம்பர் 22இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் வெளியேறின. எல்லையைக் காக்க வந்த ஐக்கிய நாடுகளின் படையில் இந்தியா, இந்தோனீசியா, யூகோசிலாவியா ஆகிய நடுநிலை நாடுகளின் வீரரும் இருந்தனர்.

இலங்கையின் கதை அளவிற் சிறிதெனினும் படிப்பினையிற் குறைந்ததன்று. 1948 பெப்ரவரி 4இல் இந்நாடு சுதந்திரம் பெற்றது. ஆனால் 1947 நொவெம்பரிற் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியர் கையிலே இருந்தன. இலங்கை மெய்யாகவே சுதந்திர நாடுதானா என ஐயங்கிளப்பிய சோவியத் ஒன்றியம், தன் மறுப்புரிமையால் அதன் ஐக்கிய நாடுகள் அங்கத்துவத்தை 1955 திசெம்பர் வரை தடுத்துவந்தது. 1954இல், இந்தோசீனப் போருக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச்சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையில் இறங்க இடமளிக்கப்பட்டது. அதே அனுமதியை இந்தியா மறுத்திருந்தது.

ஆயினும் அக்காலத்து இலங்கையை மேல்நாட்டின் நிழலென்று மட்டுங் கூறுதல் பொருந்தாது. 1952இல் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. கொரியப் போரின் தொடக்கத்தில் ஏறியிருந்த இறப்பர் விலையோ வீழ்ந்தது. கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கமே, டட்லி சேனநாயக்கா பிரதமராக இருந்தபோது, 1952 திசெம்பர் 18இல் மக்கள் சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தது. ஆண்டுதோறும் 270,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர் என்பது அதன் சாரம். சீனாவுக்குப் போர்த்தேவைப் பொருள்களை அனுப்பலாகாதென 1951இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்திருந்தது. இலங்கையோ அங்கத்துவம் மறுக்கப்பட்டிருந்தமையால் அத்தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டிலது. அமெரிக்கா தன் பொருளுதவியை நிறுத்தியது. இலங்கை உடன்படிக்கையைக் கைவிடவில்லை. மக்களின் சோற்றுப் பிரச்சினையில் முகாம்களின் கட்டளை செல்லாது என்பதை வலதுசாரி அரசாங்கமொன்றே நிலைநாட்டியது. நடுநிலைமை ஒரு கட்சியின் தனிச்சொத்தன்று. சுதந்திர நாட்டின் தேவையே அதனைப் பிறப்பித்தது என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

1956இற் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா இக்கொள்கைக்கு முழு வடிவங் கொடுத்தார். சோவியத் ஒன்றியத்தோடும் சீனாவோடும் தூதுவர் உறவு ஏற்பட்டது. 1957 ஒக்ரோபர் 15இல் திருகோணமலைத் தளமும், நொவெம்பர் 1இற் கட்டுநாயக்காத் தளமும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு துப்பாக்கி வேட்டுமின்றிப் பேச்சுவார்த்தையாலேயே இது நிறைவேறியது. இதே அரசாங்கத்தின் காலத்திலேயே, ஹங்கேரியிற் சோவியத் படைகள் புரிந்த அடக்குமுறையை விசாரிக்க ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1957 சனவரியில் அமைத்த ஐவர் குழுவில் இலங்கையும் இடம்பெற்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில் வெளிவந்த அறிக்கை, நிகழ்ந்தது மக்கள் எழுச்சியே எனவும், அதனை அந்நியப் படை நசுக்கியது எனவும் ஒருமனதாகக் கண்டது. பிரித்தானியரிடம் தளங்களைத் திருப்பிக் கேட்ட நாடு, சோவியத் ஒன்றியத்தின் செயலையுங் கண்டிக்கத் தயங்கவில்லை. நடுநிலைமையின் உயர்ந்த இலக்கணம் இதுவேயாகும்.

எல்லா நடுநிலை நாடுகளும் எக்காலத்தும் இவ்விலக்கணத்துக்கு அமைந்து நடந்தன எனல் இயலாது. 1956 நொவெம்பரில் சுயெஸ் தாக்குதலை உடனே கண்டித்த இந்தியா, அதே நாட்களில் ஹங்கேரியைப் பற்றித் தயக்கங் காட்டியது. அங்கு ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையிற் சுதந்திரத் தேர்தல் நடத்தப்படல் வேண்டுமென்ற தீர்மானத்துக்கு எதிராகவும் வாக்களித்தது. 1961 செப்ரெம்பர் 1ஆந் திகதி பெல்கிரேட் நகரில் 25 நாடுகளின் முதலாவது அணிசேரா மகாநாடு தொடங்கிய அன்றே, சோவியத் ஒன்றியம் அணுக்குண்டுப் பரிசோதனையை மீண்டும் ஆரம்பித்தது. மகாநாட்டின் கண்டனம் அச்செயலின் பாரதூரத்துக்கு ஏற்றதாக அமையவில்லை. ஆண்டாண்டாக ஐரோப்பிய ஏகாதிபத்தியத்தின் கீழ்த் துன்புற்றோர்க்கு மேற்கிலிருந்து வருந் தீங்கு விரைவிற் புலப்பட்டது. கிழக்கிலிருந்து வந்தது சற்றுத் தாமதித்தே புலப்பட்டது. தேசீயம் நடுநிலைமைக்கு வித்தாகியது போலவே, அதன் பார்வையை ஒருபுறஞ் சாயவுஞ் செய்தது.

1962 ஒக்ரோபர் 20இற் சீனப் படைகள் இமயமலை எல்லையைக் கடந்தபோது இக்கொள்கை மற்றொரு சோதனைக்குள்ளாயிற்று. 1954இற் பஞ்சசீலக் கோட்பாடுகளை ஏற்று ஒப்பமிட்ட நாடுகளே போர்க்களத்திற் சந்தித்தன. நேரு அமெரிக்காவிடமும் பிரித்தானியாவிடமும் ஆயுத உதவி கோர நேர்ந்தது. அவ்வாண்டு திசெம்பர் மாதத்தில் இலங்கை, பர்மா, இந்தோனீசியா, கம்போடியா, எகிப்து, கானா ஆகிய ஆறு நாடுகள் கொழும்பிற் கூடிச் சமரசம் பேசின. எனினும் எல்லைத் தகராறு தீரவில்லை. கம்போடியாவின் கதி இதனினுங் கொடிது. 1957இல் நடுநிலைமையைச் சட்டமாகவே இயற்றிய அந்நாடு, அயலில் நிகழ்ந்த வியட்நாம் போரினுள் இழுக்கப்பட்டு, 1970இல் இளவரசர் சிகனூக் வீழ்த்தப்பட்டதும் அப்போரின் களமாயிற்று. நடுநிலைமை பிறர் மதித்தாலன்றிக் காவலாகாது என்ற உண்மையை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

புறத்தேயிருந்து வந்த இவ்விடர்களை வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துரைத்துள்ளனர். அகத்தேயிருந்து எழுந்த இடரே பெரிதும் சிந்தித்தற்குரியது. கேளாமல் முடிவு செய்யப்படுதலை எதிர்த்து எழுந்த தேசீயம், ஆட்சியை அடைந்தபின், தன் நாட்டினுள்ளே வாழும் சிறுபான்மையோரைக் கேட்டு முடிவு செய்ததா? இந்தோனீசியாவில் சுமாத்திரா, சுலவேசி முதலிய தீவுகளின் ஏற்றுமதிச் செல்வம் யாவாத் தீவிலே குவிகின்றதென்ற மனக்குறை வளர்ந்து, 1958 பெப்ரவரியிற் கிளர்ச்சியாக வெடித்தது. அக்கிளர்ச்சிக்கு அமெரிக்கா இரகசியமாக ஆயுதமும் விமானமும் உதவியமை, அவ்வாண்டு மே மாதம் அம்பொன் தீவில் அமெரிக்க விமானி ஒருவர் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டதனால் வெளியாயிற்று. இரு பாறைகளினிடையே படகு செலுத்திய நாட்டில், படகினுள்ளே விழுந்த பிளவின் வழியாக வெள்ளம் புகுந்தது.

இலங்கையில் இம்முரண்பாடு இன்னுந் தெளிவாகக் காணக்கிடக்கின்றது. சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1956இல் உலகோர்முன் நாடுகளின் சமத்துவத்தைப் பேசிய அரசாங்கமே, அவ்வாண்டில் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தால் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது. தமிழ்ப் பிரதிநிதிகளின் எதிர்ப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அவர்களின் கருத்து ஏற்கப்படவில்லை. 1964 ஒக்ரோபரில் கெய்ரோ நகரில் நடைபெற்ற இரண்டாவது அணிசேரா மகாநாட்டில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கலந்துகொண்டனர். அதே மாதம் 30ஆந் திகதி இருவரும் புது டில்லியில் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்றோராயிருந்த 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்றல், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானித்தல் என்பது அதன் முடிவு. அம்மக்கள் எந்நாட்டில் வாழ விரும்பினர் என்பது முன்னதாகக் கேட்கப்படவில்லை. 1939இல் லின்லித்கோ பிரபு இந்திய மக்களைக் கேளாது பிரகடனஞ் செய்ததைக் கண்டித்தெழுந்த தேசீயத்தின் வாரிசுகளே, கால் நூற்றாண்டின் பின் இலட்சக்கணக்கான தொழிலாளரைக் கேளாது எண்ணிக்கையாற் பங்கிட்டனர்.

இதன் விளைவு வெளிநாட்டுக் கொள்கையையும் வந்து தாக்கியது. இலங்கை 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் பிரேரணையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் முன்வைத்து வெற்றி கண்டது. 1976 ஓகஸ்ற் மாதத்தில் ஐந்தாவது அணிசேரா மகாநாட்டைக் கொழும்பில் நடாத்தி உலகின் மதிப்பைப் பெற்றது. அக்காலத்தில் அதன் குரல் அதன் அளவினும் பன்மடங்கு பெரிதாக ஒலித்தது. ஆனால் தீராத இனப்பிரச்சினை 1983 யூலை வன்செயல்களின்பின் பெரும் போராக மூண்டது. 1987 யூலை 29இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைச் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பந்தஞ் செய்துகொண்டனர். இந்தியப் படை வடக்கிலும் கிழக்கிலும் வந்திறங்கியது. அவ்வொப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் எந்நாட்டின் இராணுவ உபயோகத்துக்கும் திருகோணமலைத் துறைமுகத்தை விடுவதில்லை என்ற உறுதிமொழி இடம்பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் பேச்சுவார்த்தையால் மீட்கப்பெற்ற துறைமுகத்தின் உபயோகம், மீண்டும் பிறிதொரு அரசின் பாதுகாப்புக் கணக்கில் ஒரு வாசகமாயிற்று. அயல்நாட்டின் நியாயமான அச்சம் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் அவ்வச்சம் நுழைவதற்கு வாயிலைத் திறந்தது உள்நாட்டு நீதியின்மையே.

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, நடுநிலைமைக் கொள்கை தோல்வியுற்றது என்ற முடிவு பொருந்தாது. பாண்டுங்கிலும் பெல்கிரேட்டிலும் கூடிய நாடுகள் வல்லரசுகளைப் போல அணுக்குண்டுகளையோ செல்வக் களஞ்சியங்களையோ உடையனவாயிருக்கவில்லை. ஆயினும் குடியேற்றநாட்டு ஆதிக்கம் நியாயமானதென எவ்வல்லரசும் வெளிப்படையாகக் கூறத் துணியாத ஒரு காலத்தை உருவாக்கியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. சுயெஸ் கால்வாய் எகிப்தினிடமே நிலைத்தது. இறப்பரும் அரிசியும் முகாம்களின் எல்லையைக் கடந்து பண்டமாற்றாயின. சிறு நாடுகளும் பெரு நாடுகளின் செயலைத் தீர்ப்பிடலாம் என்பது வழக்காயிற்று. இவை தேசீயத்தின் அரும்பேறுகள்.

எனினும் அக்கொள்கையின் வேர் எதுவோ, அதுவே அதற்கு அளவுகோலுமாகும். எம்மைப் பற்றிய முடிவை எம்மைக் கேளாது செய்தல் ஆகாது என்ற அறத்தின்மீதே நடுநிலைமை எழுந்தது. அவ்வறத்தை வல்லரசுகளிடம் வேண்டிய நாடுகள், தம் குடிகளிடையேயும் அதனைப் பேணிய அளவிற்கு உறுதியோடு நின்றன. பேணத் தவறியவிடத்து, தாம் மூடிய வாயிலைத் தாமே திறந்துவிட்டன. இரு பாறைகளினிடையே செல்லும் படகுக்கு மாலுமியின் சாமர்த்தியம் வேண்டும். அதனினும் முதன்மையாக, படகிலுள்ளோர் அனைவரும் அதனைத் தம் படகென்று கருதுதல் வேண்டும். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளின் வரலாறு பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற படிப்பினை இதுவாகும்.